இனப்படுகொலை, நினைவேந்தல் பொது நிகழ்வுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, நம் சங்கம் இந்த ஆண்டு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையோடு சேர்ந்து, இனப்படுகொலை பற்றியும் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினர் பற்றியும் பொது நிகழ்வுகளை நடத்தியது. அரங்கும் பேச்சாளர்களும் துறையின் பொறுப்பு. அறிவிப்பும் கலந்துரையாடலும் நம் பொறுப்பு.

தொடக்கக் கூட்டம் டிசம்பர் 9 அன்று. 1948-ல் இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நாள் அது. உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவை ஒரு சட்டப் பேராசிரியர் வரிவரியாக விளக்கினார். ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்தோடு அதன் பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் சேர்ப்பதும் இனப்படுகொலைதான் என்பது பலருக்குப் புதிய செய்தி. ஆனால் அரசியல் எதிரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள்.

இது எங்கே கொண்டு விடுகிறது என்பதைக் கம்போடியா பற்றிய கூட்டத்தில் பார்த்தோம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய நீதிமன்றம் 2018-ல் இனப்படுகொலை என்று தீர்ப்பளித்ததோ அந்நாட்டுச் சிறுபான்மையினரான சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியருக்கும் நடந்ததை மட்டும்தான். "அப்படியானால் மற்றவர்களின் சாவு குறைந்ததா?" என்று ஒரு மாணவி கேட்டார். குறைந்ததல்ல. அவர்களுக்கு நடந்தது மானுடத்துக்கு எதிரான குற்றம்; அதற்கும் ஆயுள் சிறை உண்டு.

என் பார்வையில் இந்த ஆண்டின் முக்கியமான கூட்டம் ஐரோப்பாவின் சிறுபான்மையினரான ரோமா, சின்டி மக்களைப் பற்றியது. 1944 ஆகஸ்ட் 2 இரவு நாஜி ஜெர்மனியின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அந்த மக்களில் எஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்தும் கொடுமை தீரவில்லை. 1943-க்கு முன் அவர்களுக்கு நடந்தவை இன அடிப்படையிலானவை அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கைகளே என்று மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956-ல் சொன்னது. பிழைத்து வந்தவர்கள் பலருக்கு இழப்பீட்டுக் கதவு அடைபட்டது. நடந்தது இனப்படுகொலை என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது 1982-ல். பெர்லினில் நினைவுச்சின்னம் திறந்தது 2012-ல். அதற்குள் எத்தனை பேர் காத்திருந்தே இறந்துபோனார்கள்! பழையதை ஏன் கிளற வேண்டும் என்று நம் உறுப்பினர்கள் சிலரே கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு என் பதில் இந்த 1956 தீர்ப்புதான். ஊர் மறந்துபோனால் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமும் சேர்ந்தே மதிப்பிழக்கிறது.

ஈராக்கின் மதச் சிறுபான்மையினரான யாசிதி மக்களைப் பற்றிய கூட்டம் சற்று நம்பிக்கை தந்தது. 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சின்ஜாரில் ஐ.எஸ். அமைப்பு அவர்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. 2021 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அந்த அமைப்பைச் சேர்ந்த ஒருவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்த்தது. வெயிலில் கட்டிப்போடப்பட்டு இறந்த 5 வயதுச் சிறுமியின் தாய் அந்த வழக்கில் சாட்சி சொன்னார். ஈராக்கில் நடந்த குற்றத்தை இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

எந்த நிகழ்விலும் பிணங்களின் படங்களைக் காட்டுவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தோம். இறந்தவர்கள் அதற்குச் சம்மதம் தந்தவர்கள் அல்லர். உயிரோடிருந்த நாட்களின் குடும்பப் படங்களை வைத்தோம். மக்கள் அவற்றின் முன் வெகுநேரம் நின்றார்கள். இந்த விதி தொடர வேண்டும்.

நிர்வாகக் குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தலைப்புகளை முன்வைக்கிறேன். ஒன்று, 1904 முதல் 1908 வரை இன்றைய நமீபியாவில் ஜெர்மன் படைகள் ஹெரேரோ, நாமா மக்களை அழித்தது. ஜெர்மனி அதை 2021-ல்தான் இனப்படுகொலை என்று ஏற்றது. பேச்சுவார்த்தையில் தங்களைச் சரியாகச் சேர்க்கவில்லை என்ற குறை அம்மக்களின் தலைவர்கள் பலருக்கு உண்டு. மற்றொன்று, ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர் மீது மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா 2019-ல் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. அப்புறம், கலந்துரையாடலை நடத்த இளைய உறுப்பினர்கள் முன்வந்தால் நல்லது. பயிற்சி தரத் துறை தயாராக இருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்