சேராத பிள்ளைகளையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழகத்தில் 47 சதவீதம், நாட்டளவில் 28.4 என்கிறது 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. பெருமைதான். ஆனால் 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கைக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது.

பிள்ளைகள் ஏன் சேர்கிறார்கள், ஏன் சேரவில்லை என்ற காரணம் அறிய, பெரும்பாலும் கல்லூரிக்கு வந்துவிட்டவர்களிடமே கேள்வித்தாளை நீட்டுகிறோம். பிளஸ் டூ முடித்ததும் காசிமேட்டில் மீன் ஏற்றப் போன பையனை, எண்ணூர் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போனவனை யார் கேட்டார்கள்? வீட்டுக் கடன், பஸ் வசதி, படித்த அக்காவுக்கே வேலை கிடைக்காதது, "உன்னால முடியும், அப்ளை பண்ணு" என்று சொல்ல ஒரு டீச்சர் இல்லாதது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. 'முக்கியக் காரணத்தை டிக் செய்க' என்றால் பலரும் பணம் என்று குறித்துவிட்டுப் போவார்கள்.

பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்டு, அதே பிள்ளைகளை ஓரிரு ஆண்டு கழித்து வீடு தேடிப் போய் மறுபடி கேட்க வேண்டும். கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கான புதுமைப்பெண் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் (2024) திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் யாருடைய முடிவை மாற்றியது என்பதும் அப்போதுதான் தெரியும். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.

- ஒரு வாசகர், ராயபுரம்