12 அடிப் பாலத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயர்பெற்ற பர்ன்சைடு பாலத்தை 1:72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக) செய்து முடித்து, சென்ற சனிக்கிழமை மேரிலாந்தில், பொம்மை வீரர்களை வைத்துப் பழைய போர்களை ஆடும் எங்கள் போர் விளையாட்டுக் குழுவின் மேசையில் வைத்தேன். ஏழு மாத வேலை அது. உடன் நின்றவர்கள் இல்லையென்றால் பாதியிலேயே பரணுக்குப் போயிருக்கும் என்பதால், அவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

ஆன்டீட்டம் ஓடையின் குறுக்கே 1836-இல் கட்டப்பட்ட மூன்று வளைவுக் கல்பாலம் அது. நீளம் ஏறத்தாழ 125 அடி. அகலம் 12 அடிதான். 1862 செப்டம்பர் 17 அன்று, மேற்குக் கரையின் மேட்டில் மறைந்திருந்த தென்தரப்பின் சில நூறு ஜார்ஜியா வீரர்கள், வடதரப்பு ஜெனரல் பர்ன்சைடின் பெரும்படையை ஏறத்தாழ மூன்று மணி நேரம் அங்கே தடுத்து நிறுத்தினார்கள். பகல் ஒரு மணியளவில் 51-ஆம் நியூயார்க், 51-ஆம் பென்சில்வேனியா படைப்பிரிவுகள் பாய்ந்து கடந்த பிறகே பாலம் கைமாறியது.

1:72 அளவில் அந்த 12 அடி, 5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். எங்கள் பொம்மை வீரர்களை ஒட்டியிருந்த அட்டைகளோ 6 சென்டிமீட்டர் அகலம். ஆகவே பாலத்தை 7 சென்டிமீட்டராக அகட்டிவிட நினைத்தேன். குழுவின் மூத்த நண்பர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "அந்த நெருக்கத்தில்தான் அத்தனை பேர் மாண்டார்கள், அதை அகட்டினால் நாம் ஆடுவது வேறு போர்" என்றவர், இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து, 96 வீரர்களையும் ஒவ்வொருவராகப் பெயர்த்தெடுத்து, 4 சென்டிமீட்டர் அட்டைகளில் மீண்டும் ஒட்டித் தந்தார். இந்த மடலில் என் முதல் வணக்கம் அவருக்கே.

நாற்பது ஆண்டு கொத்தனார் வேலை பார்த்த என் மாமனார் அப்போது எங்களுடன் தங்கியிருந்தார். நுரைப்பலகையில் நான் பேனா முனையால் கல்வரிசை கீறுவதைப் பார்த்துவிட்டு, "சுவர்க்கல்லு வேற, வளைவுக்கல்லு வேற மாப்பிள்ளை" என்றார். வளைவின் மையத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி ஒவ்வொரு கல்லின் இடுக்கையும் அந்த நூலின் போக்கிலேயே கீறச் சொன்னார். எல்லா இடுக்கும் மையத்தையே நோக்க, கற்கள் தாமாகவே ஆப்பு வடிவம் பெற்றன. மூன்று வளைவுகளுக்கும் நூல் பிடித்தது அவர் கைதான். கீறலோடு நிற்காமல், கசக்கிய அலுமினியத் தாளை உருட்டிக் கல்லின் சொரசொரப்பையும் கொண்டுவந்தோம்.

அப்படிச் செய்த முதல் பாலம் என் அவசரத்தால் பாழானது. ஸ்பிரே பெயிண்டை நேரடியாக அடித்தேன். அதிலிருந்த கரைப்பான், கண்ணெதிரே ஒரு வளைவைத் தின்றுவிட்டது. மனமுடைந்திருந்த என்னை அன்றிரவே தொலைபேசியில் அழைத்த குழுத் தோழி, தன்னிடம் மிச்சமிருந்த பலகையைக் கொடுத்து, வெள்ளைப் பசையில் கருப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து இரண்டு பூச்சு பூசிக் காயவிட்ட பிறகே மற்ற வண்ணங்களைத் தொட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். இரண்டாவது பாலம் நிற்பது அந்தப் பூச்சினால்தான்.

பாலத்தின் அருகே இன்று ஓங்கி நிற்கும் சைக்கமோர் மரம், போர் முடிந்த சில நாட்களில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த புகைப்படத்தில் இளமரமாகத் தெரியும் என்று போர்க்களப் பூங்கா ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்டதும் என் மகள், தான் செம்புக் கம்பியில் முறுக்கி முடித்திருந்த பெரிய மரத்தை ஒதுக்கிவிட்டு, சுண்டுவிரல் உயரத்தில் புதிதாக ஒன்று செய்தாள். இருவருக்கும் என் நன்றி.

சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் அட்டையை நகர்த்தியவர் அந்த மூத்த நண்பரே. கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே, இருபுறமும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் அது உள்ளே போனது. அந்தப் படத்தை ஊருக்குத் திரும்பிவிட்ட மாமனாருக்கு அனுப்பியிருக்கிறேன். பாலம் இனி குழுவின் பெட்டியில் இருக்கும்; வேண்டுவோர் எடுத்துச் சென்று ஆடலாம்.

நன்றியுடன்,
பாலம் செய்தவன்