மகளுக்கு, லேப்டாப் பார்சலோடு

மண்டபம்
ஜூன் முதல் வாரம்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

சூடாகிறது, ஃபேன் சத்தத்தில் ரூம் பிள்ளை தூங்க முடியவில்லை என்று சொன்னாயே, அந்த லேப்டாப் வேலை முடிந்தது. நாளைக் காலையில் கூரியரில் போட்டுவிடுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. 15-ம் தேதி கடலுக்குப் போகிற விசைப்படகுக்காரர்கள் ஜிபிஎஸ், கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் என்று தூக்கிக்கொண்டு வந்து கடையில் நிற்கக்கூட இடமில்லை. அதற்கு நடுவில்தான் உன் பெட்டியைத் திறந்தேன்.

அடிமூடித் திருகுகள் சிலவற்றில் துரு. ஃபேன் காற்றைத் தள்ளுகிற இடத்தில், செம்புக் குழாய் முனையில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில் முடி, துணிநூல், பொடிமணல் எல்லாம் உப்பு ஈரத்தில் ஒட்டி ஒரே படலமாகிவிட்டது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாகக் கழன்று வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் இது போகாது, உள்பக்கத்தில் அடைத்துக்கொண்டிருக்கும். போன ஆடியில் கச்சான் காற்று அடித்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தாயே, அந்த மணல்தான். இனி ஊருக்கு வந்தால் வீட்டுக்குள் வைத்துப் பார். நீயே எப்போதாவது பிளோயரால் ஊதினால், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊது. சுழல விட்டால் பேரிங் போய்விடும்.

சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்த மேலே பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. துடைத்துப் புதிதாகப் போட்டேன். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் பேடுகள் கிழியாமல் இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. பேடின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் கூலர் சிப்பில் படிந்து உட்காராது. பேஸ்டுக்குப் பதிலாக யாராவது லிக்விட் மெட்டல் போடச் சொன்னால் காதில் வாங்காதே. அதில் காலியம் என்ற உலோகம் இருக்கிறது, அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு சொட்டு நகர்ந்து போர்டில் விழுந்தால் ஷார்ட்தான்.

இவ்வளவும் செய்த பிறகு நீ 3டி படம் செய்கிற பிளெண்டரின் ஃபைல் ஒன்றை ரெண்டர் போட்டு, அதாவது படமாக்க விட்டுப் பார்த்தேன். கடைக்குள் அப்போது 34 டிகிரி. முன்பு 86-ல் நின்ற கிராஃபிக்ஸ் கார்டு 78-க்கு இறங்கியது. சத்தம் மட்டும் நான் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குளிர்ச்சி கிடைத்தது என்று தெரிந்ததும் கார்டு தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நீயோ ஃபேனை அடக்க ஒரு சாஃப்ட்வேர் தேடிக்கொண்டிருந்தாய். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்று உன் அப்பத்தா சொல்வாளே, இங்கேயும் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். ஃபேனை விட்டுவிட்டு, கார்டுக்குப் போகிற கரண்ட்டைக் குறைக்க வேண்டும்.

சிப்பில் பிறக்கிற வெப்பம் பெரும்பாலும் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, வேகத்தையும் பொறுத்தது. உன் கார்டு முழு லோடில் 0.9 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கன்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்ட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு வரும். அதை 0.8 வோல்ட்டில் 1650-க்கு மட்டப்படுத்திவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்: 0.9-ன் வர்க்கம் 0.81, 0.8-ன் வர்க்கம் 0.64. அதிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வேகமும் இறங்கியதால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வெப்பம் குறைந்துவிட்டது. அதற்கு நீ கொடுக்கிற விலை, ஒரு மணி நேர ரெண்டருக்கு ஐந்து நிமிடம் போலக் கூடுதல். இது எனக்கு நல்ல வியாபாரமாகப் படுகிறது. கம்பெனிக்காரன் கடைசி வேகத்தைப் பிழிந்து விளம்பரத்தில் போடுகிறான், சூட்டையும் சத்தத்தையும் சகிப்பது வாங்கினவர்கள்.

இதற்கும் கீழே இறக்கிப் பார்த்தேன், ரெண்டர் பாதியில் தெறித்துவிட்டது. அதனால் 0.8-லேயே விட்டேன். இப்போது 70 டிகிரி. ஃபேன் சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும், காதுக்கு நன்றாகவே தெரியும். ஏறி இறங்கி ஊளையிடுவது நின்று ஒரே சீராக ஓடுகிறது. ரூம் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கம்தான்.

பிராசசரும் கார்டும் ஒரே செம்புக் குழாய்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிராசசர் சும்மா துள்ளினாலும் கார்டு சுடும். அதனால் பவர் செட்டிங்கில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 ஆக்கிவிட்டேன். அந்த ஒன்று குறைந்தாலே இன்டெல்லின் டர்போ, அதாவது தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது, நின்றுவிடும். ஆபீஸில் அவசர வேலை என்றால் திரும்ப 100 வைத்துக்கொள்.

ஒன்றும் செய்யாதபோதே சத்தம் வருகிறது என்றாயே, அதற்குக் காரணம் உன் பெரிய மானிட்டர். உன் மாடலில் எச்டிஎம்ஐ போர்ட் நேராக என்விடியா கார்டுக்குப் போகிறது. அதில் மானிட்டர் மாட்டியிருக்கும்வரை கார்டு தூங்கவே தூங்காது, நீ மெயில் படித்துக்கொண்டிருந்தாலும் சரி. டைப்-சி போர்ட்டில் மாட்டிப் பார்த்தேன், அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் பக்கம் போகிறது. ஒரு டைப்-சி கேபிள் பார்சலில் வைத்திருக்கிறேன், இனி அதில்தான் மாட்ட வேண்டும். குரோமையும் வாட்ஸ்அப்பையும் விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் பவர் சேவிங்குக்கு மாற்றியிருக்கிறேன்.

ராத்திரி தம்பியோடு கேம் விளையாடுவது எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விளையாடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிரேம் ரேட்டை வினாடிக்கு 60-ல் நிறுத்தியிருக்கிறேன், 144 வேண்டாம். ரெண்டருக்கு இந்த வரம்பு உதவாது, கேமுக்கு மட்டும்தான்.

கூலிங் பேட் வாங்காதே, அது போடுகிற சத்தத்தையும் நீதான் கேட்க வேண்டும். பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் போதும், அடியில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். மெத்தையில் வைக்கவே கூடாது. அறை பத்து டிகிரி சூடானால் சிப்பும் பத்து டிகிரி ஏறும், ஆகவே நீண்ட ரெண்டரை மத்தியானத்தில் போடாமல் விடியற்காலையில் போடு.

ஆஃப்டர்பர்னரில் நான் போட்டது முதல் புரொஃபைலில் இருக்கிறது. டிரைவர் அப்டேட் ஆன பிறகு சத்தம் திரும்ப வந்தால், அதைத் திறந்து ஒன்று என்ற பட்டனையும் டிக்கையும் அழுத்து. அதற்குப் பிறகும் 80-ஐத் தாண்டினால் திரையைப் படம் பிடித்து அனுப்பு, ரூம் சூடு எவ்வளவு என்பதையும் எழுது. நெத்திலிக் கருவாடு வேறு பார்சலில் வருகிறது. ஒன்றாகவே கட்டிவிடலாம் என்று நின்ற அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பா