செவ்வாய்க்கு ஆளு போகணும்னா அணு எஞ்சின் வேணும் மாப்ள

மாப்ள,

எப்படிடா இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க அப்பத்தாவுக்கு முட்டி வலி இப்ப தேவலாம். வளவுல ஓடு மாத்துற வேலை ஓடிக்கிட்டு இருக்கு, பழைய ஓட்ட உடைக்காம பிரிக்கத் தெரிஞ்ச ஆளு காரைக்குடில கிடைக்கறதே பெரும்பாடா இருக்கு.

மீத்தேன் ராக்கெட்டே போதும், பூமியச் சுத்தி நிறுத்தி டேங்க்க நிரப்பிக்கிட்டு செவ்வாய்க்குப் போயிரலாம்னு எழுதியிருந்தியே, போயிரலாம்தான்டா, முதல்ல போறவன் அப்படித்தான் போவான்னு எனக்கும் தோணுது. ஆனா மங்கள்யான் 2013 நவம்பர்ல கிளம்பி 2014 செப்டம்பர்ல போய்ச் சேந்துச்சு, மெஷினுக்கு அது பரவால்ல, மனுசனுக்கு? நாசாவோட க்யூரியாசிட்டி வண்டி செவ்வாய்க்குப் போற வழியிலயே ரேடியேஷன அளந்தாங்க, ஒரு நாளைக்கு சுமாரா 1.8 மில்லிசீவர்ட் (உடம்புல ஏறுற கதிர்வீச்ச அளக்குற அலகு). பூமில இயற்கையா நமக்குக் கிடைக்கறது உலக சராசரி வருசத்துக்கே 2.4 தான். அதனால பயண நாளக் குறைக்கறதுதான் எனக்கு முதல் கணக்கு.

அதுக்கு நியூக்ளியர் தெர்மல்ங்கற அணு எஞ்சின்தான் சரி. அதுல எதையும் எரிக்கறதே இல்லடா, அணு உலை சூட்டுக்குள்ள ஹைட்ரஜன விட்டு பின்னாடி பீச்சி விடுறது, அவ்வளவுதான். நம்ம மகேந்திரகிரில இஸ்ரோ ஓட்டிப் பாக்குற கிரையோ எஞ்சின்ல, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கற எஞ்சின்டா அது, வெளிய வர்றது பெரும்பாலும் நீராவி, மூலக்கூறு எடை 18, இதுல வெறும் ஹைட்ரஜன், எடை 2, லேசா இருக்கறதால சூடு கொஞ்சம் கம்மின்னாலும் வேகம் எகிறிருது. ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ், அதாவது எரிபொருள் சிக்கனத்தோட அளவு, அங்க 450 செகண்டுனா இங்க 900 கிட்ட. நெர்வான்னு பேர் வச்சு 1960கள்லயே அமெரிக்காவுல நெவாடா பாலைவனத்துல இந்த எஞ்சின ஓட்டிக் காட்டிட்டாங்கடா, 1973ல இழுத்து மூடிட்டாங்க. டிராக்கோன்னு திரும்பவும் இதே மாதிரி எஞ்சின அமெரிக்க ராணுவத்தோட ஆராய்ச்சி அமைப்பு டார்பாவும் நாசாவும் சேந்து பண்றோம்னு 2023ல சொன்னாங்க, 2025ல அதையும் விட்டாச்சு, படிச்சப்ப மனசே விட்டுப் போச்சு.

மின்சாரத்தால அயனிகளப் பின்னாடி தள்ளுற அயான் எஞ்சின் சிக்கனத்துல ராஜா, 3000 செகண்டு தாண்டும், ஆனா நாசாவோட டான் விண்கலத்துல இருந்ததோட தள்ளு விசை மொத்தமே 90 மில்லிநியூட்டன், ரெண்டு ஏ4 பேப்பர உள்ளங்கைல வச்சா எவ்வளவு கனமோ அவ்வளவு. சாப்பாடு, சாமான முன்னாடியே அதுல அனுப்பிரலாம், ஆளு பின்னாடி வேகமா போகட்டும்.

அணு எஞ்சின்ல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான், மாசக்கணக்கா ஹைட்ரஜன -253 டிகிரில ஆவியாகாம வச்சிருக்கணும். நீதான் வருசக்கணக்கா கோல்ட் ஸ்டோரேஜ் கம்ப்ரசரோட கிடக்கறவனாச்சே, விண்வெளில அந்த சூட்ட எப்படி வெளிய தள்றதுன்னு யோசிச்சு எழுது. பொங்கலுக்கு வந்தா பேப்பர் பேனாவோட உக்காருவோம்.