ஏழு நிமிடம் முந்தி அடிக்கும் மணி

கெர்லிட்ஸ், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

போனில் ஊரைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் குளிரைச் சொல்லியே முடித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் இது தறிக்காரர் ஊர் அப்பா. கம்பளித் துணி நெய்து பணம் பார்த்த ஊர். நம் அவுரி மாதிரி நீலச் சாயம் தரும் ஒரு செடி இங்கே உண்டு. அந்தச் சாய வியாபாரத்துக்கு 1339-லேயே தனி உரிமை வாங்கியிருக்கிறார்கள். பேதுரு தேவாலயத்தின் பக்கத்தில் சாயக் கிடங்குக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

பணம் சேர்ந்தது வியாபாரிகளிடம். நகரசபையும் அவர்கள் கையில். 1527-ல் நெசவாளர்கள் சபைக்கு எதிராக ரகசியமாகக் கூடியிருக்கிறார்கள். மணி அடித்ததும், காவல்காரர் கண்ணில் படாமல் கலைந்துவிடுவது ஏற்பாடு. விஷயம் கசிந்து, சபைக்காரர்கள் மடத்துக் கடிகாரத்தை ஏழு நிமிடம் முந்தி அடிக்கவைத்துவிட்டார்களாம். வெளியே வந்தவர்கள் நேராகக் காவலர் கையில் சிக்கினார்கள். அவர்கள் வெளியே வந்த சந்துக்கு இன்றும் துரோகிகள் சந்து என்றுதான் பெயர். ஒரு வாசலுக்கு மேலே கல்லில் நான்கு எழுத்தும் 1527 என்ற ஆண்டும் வெட்டியிருக்கிறது. ‘துரோகக் கும்பலின் வாசல்’ என்பதன் சுருக்கமாம் அது. தண்டித்தவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள், பாருங்கள்! நீங்கள் இங்கே பிறந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பீர்கள். மணி இன்னும் ஏழு நிமிடம் முந்தியேதான் அடிக்கிறது. அதை நம்பி டூட்டிக்குக் கிளம்ப முடியாது.

ஊரை ஒட்டி ஓடும் நெய்சே பெரிய ஆறு இல்லை. 1945 மே 7 அன்று ஜெர்மன் ராணுவமே பழைய பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. போர் முடிந்ததும் ஆறு எல்லையாகி, கிழக்குக் கரை போலந்துக்குப் போனது. அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். கிழக்கே தங்கள் ஊரை இழந்து வந்த போலந்துக்காரர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். 2004-ல்தான் பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் அக்கரையில் பிறந்தவர். ஏழெட்டு வயதில் வெளியேறியிருக்கிறார். சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். பிறந்த வீட்டைத் தேடுவார் என்று நினைத்தால், “வீடு எங்கேயும் ஓடிவிடாது, முதலில் சாப்பாடு” என்கிறார்! இரண்டு தட்டு பியரோகி காலியானது, நம் கொழுக்கட்டை மாதிரியான போலந்துப் பலகாரம். அப்புறம் வெயில் சாய்ந்துவிட்டது, வீட்டுப் பக்கம் போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

2007-ல் எடுத்த எல்லைச் சோதனை இப்போது திரும்ப வந்துவிட்டது. அவ்வப்போது போலீஸ் நிறுத்திப் பார்ப்பதால் குடியிருப்பு அட்டை இல்லாமல் பாலத்தில் கால் வைப்பதில்லை. இந்த நிறம் வேறு, முதலில் நிறுத்துவது நம்மைத்தான்.

சரி, தங்கச்சியின் காலேஜ் பீஸுக்குத் திங்கட்கிழமை பணம் அனுப்புகிறேன். கட்டியதும் ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்