பெங்களூரு விலாசத்துக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, தம்பி எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. உன் நலம் நீ சொன்னால்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் போட்டால் ஒருத்தி இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். பெங்களூரில் இருந்தால் கன்னடத்தில் அல்லவா சொல்லுவாள் என்று தம்பி கேட்டான். வாயை மூடிக்கொண்டு படிக்கிற வேலையைப் பார் என்று அதட்டினேன்.

அதனால்தான் கடிதம். பெங்களூரு ரூம் விலாசத்துக்கே அனுப்புகிறேன். உன் கூட இருக்கிற பெண் விவரமானவள், எங்கே அனுப்பவேண்டுமோ அங்கே அனுப்பிவைப்பாள்.

தை முடியப்போகிறது. மலையில் புல் நிறம் மாறிவிட்டது. பிப்ரவரி 15 வந்தால் ஏப்ரல் நடுவரை வனத்துறை பாதையை மூடிவிடும், அதனால் இப்போது சனி ஞாயிறு கடையில் நிற்க நேரமில்லை. ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வருகிறார்கள். 2024 அக்டோபரில் அரசாங்கம் தமிழ்நாடு முழுக்க 40 பாதை திறந்ததே, அதில் நம் குரங்கணி - சாம்பலாறும் ஒன்று. காட்டோரத்து ஊர்ப் பையன்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். மேலத்தெரு மாயக்காள் பேரன்கூட சட்டை டவுசரெல்லாம் போட்டுக்கொண்டு விறைப்பாகத் திரிகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

வருகிற கூட்டத்தை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, சின்னப் பிள்ளையிலிருந்து நீ தண்ணீர் ஊற்றின கூட்டம்தானே. ராத்திரி பூரா பஸ்ஸில் தூங்காமல் வந்து, விடியற்காலையில் கண் சிவந்து இறங்குவார்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. வட்டமாக நின்று பேர், ஊர், வேலை சொல்லுவார்கள். அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து பிரித்த புது ஷூ ஒருத்தன் காலில் பளபளக்கும். அவனுக்குத்தான் முதலில் கொப்புளம் வரும். யாரோடும் பேசாமல் ஓரமாக இட்லி தின்கிற ஒரு பெண் கட்டாயம் இருப்பாள். சாயங்காலம் இறங்கி வரும்போது பார்த்தால் அவள்தான் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருவாள், கொப்புளக்காரன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. ஒரே நாளில் எப்படித்தான் இப்படி ஒட்டிக்கொள்கிறார்களோ. சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் மூன்று நாள் ஒரே மண்டபத்தில் கிடந்தாலும் வராத நெருக்கம்.

போன வாரம் வந்த சென்னைக் கூட்டத்தில் ஒரு பெண், கல்லாவுக்கு மேலே இருக்கிற உன் பட்டமளிப்பு போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். “அக்கா, இவங்களை எனக்குத் தெரியுமே” என்றாள். போனைத் தேய்த்து ஒரு படம் காட்டினாள். இமயமலையில் உத்தரகாசிப் பக்கம் கேதார்காந்தா என்கிற மலையாம். எங்கு பார்த்தாலும் பனி. ஒரு கும்பல் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் நீ. மூக்கு நுனியெல்லாம் கருத்து உரிந்துபோய். இடுப்பில் வாக்கி டாக்கி.

மேலே முகாமில் அவளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்ததாம். நீ ராத்திரியெல்லாம் அரை மணிக்கு ஒருதரம் எழுப்பி, விரலில் ஆக்சிஜன் பார்க்கிற அந்தக் கிளிப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாயாம். விடிந்ததும் “உச்சி எங்கேயும் போயிடாது, நீங்க கீழே இறங்குங்க” என்று ஆள் போட்டு இறக்கிவிட்டாயாம். அப்போது உன்மேல் கோபமாக வந்ததாம், பணம் கட்டி அவ்வளவு தூரம் வந்து உச்சியைப் பார்க்காமல் இறங்குகிறோமே என்று. கீழே வந்து தலைவலி விட்ட பிறகுதான் புரிந்ததாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சிநேகிதிகளோடு டூர் போயிருப்பாள் என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னும் ரெண்டு வடை வைத்தேன். காசு வாங்கவில்லை. அப்பா ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னிடமும் கேட்கவில்லை. டூர் போவது நல்ல விஷயம்தான். சும்மா டூர் போகிறவள் இடுப்பில் வாக்கி டாக்கி எதற்கு என்று தம்பி கேட்கிறான், அவன் கேள்வி அவனோடு. டூர் போகிற இடத்தில் நாலு பேருக்கு நல்லது கெட்டது பார்க்கிற நிலைமை உனக்கு வந்தாலும் வரலாம். அதற்காகச் சிலது சொல்கிறேன்.

கடைசி ஆளைப் பார்த்துக்கொள். முன்னால் ஓடுகிறவனைக் காடு பார்த்துக்கொள்ளாது, சரிதான், ஆனால் அவனுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. பின்னால் வருகிறவன் வாயைத் திறந்து முடியவில்லை என்று சொல்லமாட்டான். வெட்கம். பணம் கட்டி வந்தவனுக்கு இன்னும் வெட்கம். மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருக்கும்போது இவன் வந்து சேருவான், அவன் வந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அவனுக்கு இளைப்பாறலே கிடையாது. அதைக் கவனி.

பேர் எழுதின தாள் ஒன்று கீழே யாரிடமாவது இருக்கவேண்டும். இதை அப்பா உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஏன் சொல்கிறார் என்று மட்டும் சொன்னதில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பரீட்சை நேரம், மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாய். மத்தியானத்துக்கு மேல்தான் புகை பெரிதாகத் தெரிந்தது. மாசி பங்குனியில் மலையில் புகை தெரியாத வருசம் உண்டா, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சென்னையிலிருந்து ஒரு கூட்டம், ஈரோடு திருப்பூர் பக்கமிருந்து ஒரு கூட்டம், ரெண்டும் கொழுக்குமலைப் பக்கம் இருந்தது. சென்னைக் கூட்டத்தில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். ஆள் உயரப் புல், காய்ந்து சருகாகிக் கிடந்தது. காற்று வேறு. தீ இறக்கத்தில் மெதுவாகத்தான் வரும், மேட்டில் ஏறுகிறபோது மனுசக் கால் அதை ஜெயிக்கமுடியாது. பாவம், சிதறி ஓடியிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தவர்கள் எத்தனை பேர்.

முதலில் ஏறினது நம் ஊர் ஆட்கள்தான். கையில் என்ன இருந்தது? தண்ணீர்க் குடம், போர்வை, டார்ச் லைட். போர்வையைக் கம்பில் கட்டி டோலி மாதிரித் தூக்கிக்கொண்டு இருட்டில் அந்தச் சரிவில் இறங்கினார்கள். ஹெலிகாப்டரெல்லாம் வந்தது, கமாண்டோ வந்தார்கள், அது பிறகு. அப்பா தூக்கி வந்த பெண் வழியெல்லாம் தெளிவாகப் பேசிக்கொண்டே வந்ததாம். அம்மாவுக்குப் போன் பண்ணணும், வண்டி எங்க நிக்குது, என் பை எங்கே என்று. போடி ஆஸ்பத்திரி, தேனி, மதுரை என்று கொண்டுபோனார்கள். இருபதுக்கும் மேலே போய்ச் சேர்ந்தார்கள், பாதிப்பேர் நாள் கழித்து ஆஸ்பத்திரியில். அப்பாவோடு பேசிவந்த பெண் பிழைத்ததா இல்லையா என்று அவர் விசாரிக்கவே இல்லை. என்னையும் விசாரிக்கவிடவில்லை.

அன்றைக்கு ராத்திரி நம் கடை வாசலில்தான் போலீஸ், வனத்துறை, பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான், மொத்தம் எத்தனை பேர் ஏறினார்கள்? ஒருத்தர் 36 என்றார், இன்னொருத்தர் 39 என்றார். இறங்கினவர்களை எண்ணலாம். மேலே இன்னும் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது? மொத்தக் கணக்கே தெரியாதவன் தேடுவதை எப்போது நிறுத்துவான், சொல். அதற்குப் பிறகுதான் அப்பா ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் பேர் எழுதி வாங்க ஆரம்பித்தார். சிரிப்பார்கள், “அண்ணே, ஆதார் கார்டு வேணுமா?” என்பார்கள். வாங்கி சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார்.

நீ போகிற இடத்தில் தீ இருக்காது, குளிர்தான் என்று சொல்லுவாய். அது மட்டும் சும்மாவா? 2024 ஜூனில் அதே உத்தரகாசிப் பக்கம் சகஸ்திர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் கூட்டம், 22 பேரில் 9 பேர் திரும்பவில்லை. பனிப்புயல். டிவியில் பெங்களூரு பெங்களூரு என்று சொன்னதும் என் கை கால் ஓடவில்லை. உனக்குப் போன் போட்டேன், உடனே எடுத்தாய். “அம்மா, நான் ஆபீஸ்ல இருக்கேன், எனக்கு அங்க என்ன வேலை” என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் தூங்கினேன் தெரியுமா. இப்போது அந்த வார்த்தை என்னிடம் இல்லை.

கேதார்காந்தா 12,500 அடியாம், அந்தப் பெண் சொன்னாள். கொழுக்குமலையே எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அந்த உயரத்தை முதல் நாள் நடையிலேயே தாண்டிவிடுகிறார்களாமே. தலைவலி என்று சொல்கிறவனை இறக்கு. சாப்பாடு வேண்டாம் என்கிறவனைச் சந்தேகப்படு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவன், நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவன், இவர்களை விடியட்டும் என்று வைத்திருக்காதே. இதெல்லாம் தம்பி யூடியூப்பில் பார்த்துச் சொன்னது. உனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளூர்க்காரன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீ என்ன கோர்ஸ் படித்திருந்தாலும் சரி, அந்தக் கோவேறு கழுதை ஓட்டுகிற கிழவன் வானத்தைப் பார்த்து முகம் சுளித்தால் கூடாரத்தைப் பிரிக்காதே. கூட வந்தவர்கள் கத்துவார்கள். லீவு போட்டு வந்தோம், பணம் கட்டினோம் என்பார்கள். கத்தட்டும். அந்தப் பெண்ணும்தான் கோபப்பட்டாள், இப்போது உன் போட்டோவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்கவேண்டும்.

அப்புறம் கடைசி ஆளைப் பார்த்துக்கொள்.

மேலச்சொக்கநாதபுரத்துக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். பையன் நல்ல மாதிரிதான், அது உனக்கே தெரியும். பொண்ணு என்ன வேலை பார்க்குது என்று கேட்டார்கள். பெங்களூரில் கம்பெனியில் என்று சொன்னேன். இன்னும் அதையேதான் சொல்லவேண்டுமா, மாற்றிச் சொல்லவேண்டுமா என்பதை நீ எழுது. எதைச் சொல்லச் சொன்னாலும் தலை நிமிர்ந்து சொல்லுவேன். தெரியாமல் சொல்லுவதுதான் கூசுகிறது. அப்பாவும் அதையேதான் நினைக்கிறார் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தால்தானே தெரியும். ஆனால் அந்தப் பெண் போன பிறகு அந்தப் படத்தைத் தம்பியிடம் கேட்டு வாங்கித் தன் போனில் வைத்திருக்கிறார். ஜீப்பில் முன் சீட்டில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்குப் படிக்க வாங்கின கடன் முடிந்துவிட்டது, அதைப்பற்றி யோசிக்காதே. வடக்குத்தெரு வீட்டு விஷயம் சித்தப்பா சொன்னபடிதான் முடியும்போலிருக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. கூட்டிப்போகிறவர்களை எல்லாம் எண்ணுகிறவளை யார் எண்ணுவார்கள்? கம்பெனிக்காரன் தாளில் பணம் கட்டினவர்கள் பேர் இருக்கும். அதில் உன் பேர் எழுதியிருக்கிறார்களா என்று கேள். இல்லாவிட்டால் ஏறுவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு வரி, இறங்கினதும் ஒரு வரி. அவ்வளவு போதும். எங்கே, ஏன், யாரோடு என்று கேட்கமாட்டேன். கல்லாப்பெட்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி போட்டு ஏறியாச்சு, இறங்கியாச்சு என்று எழுதிக்கொள்வேன். மலைக்கு ஏறுகிற அந்தச் சங்க்ரி ஊரில் சிக்னல் இல்லையென்றால் அங்கே கடைக்காரர் யாரிடமாவது சொல்லி வை. அவர் பேசுகிற இந்தி எனக்குப் புரியாது, பரவாயில்லை, தம்பியிடம் கொடுத்துக்கொள்கிறேன்.

கூடவே பார்சல் அனுப்புகிறேன். ஏலக்காய் கால் கிலோ, நம் தோட்டத்துக் காய், டீயில் போடு. பருப்புப் பொடி, இஞ்சி மரப்பா. தேங்காய் எண்ணெய் அங்கே உறைந்துபோகும் என்று வைக்கவில்லை, உதட்டுக்கு வெண்ணெய் தடவு. கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடி இருக்கிறது. ஒன்றுகூட உன் அளவு இல்லை, தெரிந்தேதான் வாங்கினேன். பருத்திச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு பனிக்கு வருகிறவன் எந்தக் கூட்டத்திலும் ஒருத்தன் இருப்பான், அவனுக்குக் கொடு.

அம்மா