கால்டர் ஹால் கதைய முழுசா எழுதுங்க: தமிழ்ல அறிவியல் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

அணுசக்தி பத்தி தமிழ்ல கட்டுரை, வீடியோ, போட்டித்தேர்வு நோட்ஸ்னு விடாம போட்டுட்டு இருக்கீங்க, அந்த உழைப்பு மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் பாதியிலயே நிறுத்திடுறீங்க. "1956 அக்டோபர் 17, இங்கிலாந்துல கால்டர் ஹால், ராணி எலிசபெத் திறந்து வச்சாங்க, பெரிய அளவுல மின்சாரம் தந்த முதல் அணுமின் நிலையம்", அவ்ளோதான். அங்க முதல் வேலையே அணுகுண்டுக்கான புளூட்டோனியம், கரண்ட் ரெண்டாவதுதான்ங்கறது எங்கயுமே வர மாட்டேங்குது.

பக்கத்துலயே புளூட்டோனியம் தயாரிக்க மட்டும் கட்டுன விண்ட்ஸ்கேல் உலைகள் இருந்துச்சு, அதுல கரண்ட் எல்லாம் கிடையாது, ஃபேன் வச்சு காத்த ஊதி சூட்ட அப்படியே சிம்னி வழியா வெளிய விட்டுட்டாங்க, அதுல ஒண்ணுதான் 1957 அக்டோபர்ல தீப்பிடிச்சது. அந்த மாதிரி வீணாக்காம, தன் உலையோட சூட்ட கார்பன் டை ஆக்சைடு வாயு மூலமா எடுத்து, நீராவியாக்கி, டர்பைன ஓட்டுனதுதான் கால்டர் ஹால்.

இதுல ஒரு இழுபறி இருக்கு, அத தயவுசெஞ்சு விளக்கிச் சொல்லுங்க. செறிவூட்டாத, அதாவது இயற்கையா கிடைக்கிற யுரேனியத்த, நியூட்ரான் வேகத்த குறைக்கிற கிராஃபைட் நடுவுல வச்சா தொடர்வினை நடக்கும், யுரேனியம்-238 நியூட்ரான வாங்கிக்கிட்டு கடைசியில புளூட்டோனியம்-239 ஆகும். அதே எரிபொருள ரொம்ப நாள் உள்ளயே விட்டா புளூட்டோனியம்-240 சேர்ந்துடும், அது தானாவே பிளவுபடுறதால குண்டுக்கு தொந்தரவு. அதனால ராணுவத்துக்கு எரிபொருள சீக்கிரம் வெளிய எடுக்கணும், கரண்ட் விக்கிறவனுக்கு அத எவ்ளோ நாள் விட முடியுமோ அவ்ளோ நாள் உள்ள விடணும். ஆரம்பத்துல கால்டர் ஹால்ல வருஷத்துக்கு ரெண்டு தடவ எரிபொருள் மாத்துனாங்க, யார் தேவை முதல்ல வந்துச்சுன்னு அதுலயே தெரியுதுல்ல? 1964க்கு அப்புறம்தான் பெரும்பாலும் கரண்டுக்காக ஓட்டுனாங்க. ஆயுதத்துக்கு புளூட்டோனியம் தயாரிக்கிறத நிறுத்தியாச்சுன்னு பிரிட்டன் அரசு அறிவிச்சது 1995லதான். 2003ல நிலையத்தயே மூடிட்டாங்க.

அமெரிக்காவுல ஹான்ஃபோர்ட்ல இருந்த 'N' ரியாக்டரும் புளூட்டோனியம், கரண்ட் ரெண்டும் தர்ற இதே ரகம்தான், 1963ல அங்க மின்நிலைய வேலைய தொடங்கி வைக்க கென்னடியே வந்தாரு.

ஆனா என்னைக் கேட்டா கட்டாயம் எழுத வேண்டியது சைபீரியா கதை, அத தமிழ்ல விரிவா எழுதி நான் இன்னும் பாக்கல. ரஷ்யாவுல டோம்ஸ்க் பக்கத்துல செவர்ஸ்க்னு, அனுமதி இல்லாம வெளியாளுங்க போக முடியாத மூடிய நகரம், சோவியத் காலத்துல வரைபடத்துலயே இருக்காது. அங்க இருந்த கிராஃபைட் உலைங்க புளூட்டோனியமும் தந்துச்சு, ஊரு வீடுகளுக்கு வெந்நீரும் ஹீட்டிங்கும் தந்துச்சு. இனி புது புளூட்டோனியத்த ஆயுதத்துக்கு எடுக்க மாட்டோம்னு ரஷ்யா 1994லயே சொல்லியாச்சு, ஆனா உலைய நிறுத்த முடியல, நிறுத்துனா அந்தக் குளிர்ல ஜனங்க என்ன பண்ணுவாங்க? யாருக்கும் வேண்டாத புளூட்டோனியம் வருஷா வருஷம் சேர்ந்துட்டே போச்சு. கடைசியில அமெரிக்கா பணம் குடுத்து நிலக்கரி மின்நிலையத்த சீரமைச்சுத் தந்த பிறகுதான் 2008ல செவர்ஸ்க்ல கடைசி ரெண்டு உலையும் நின்னுச்சு, சைபீரியாவுலயே இன்னொரு மூடிய நகரமான ஜெலஸ்னகோர்ஸ்க்ல மலைக்குள்ள குடைஞ்சு வச்சிருந்த உலை 2010ல நின்னுச்சு.

இதெல்லாம் பழைய கதைதானேன்னு விட்டுடாதீங்க. வட கொரியாவோட யோங்பியான் உலை வெறும் 5 மெகாவாட், 1986ல ஓட ஆரம்பிச்சது, அதுவும் கால்டர் ஹால் மாதிரியே கிராஃபைட், கார்பன் டை ஆக்சைடு, செறிவூட்டாத யுரேனியம். இத்துனூண்டு மின்நிலையத்துக்கு உலகம் ஏன் இவ்ளோ பதறுதுன்னு ஒரு பிளஸ் டூ பையன் கேட்டா, உங்க நோட்ஸ படிச்சே அவனுக்கு பதில் கிடைக்கணும். ஏற்கனவே போட்ட கட்டுரைகள்ல கால்டர் ஹால் வர்ற இடத்துல "முதன்மை நோக்கம் புளூட்டோனியம்"னு ஒரு வரி சேத்துடுங்க, செவர்ஸ்க் பத்தி தனியாவே ஒரு கட்டுரை போடுங்க.